கல்லூரி வளாகத்தில் வன்முறையைத் தடுக்க எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். கல்லூரியில் புதிதாகப் பாதுகாப்புக் குழு அமைத்து, வேலைக்குச் சேர்ந்து இரண்டே வருடமான உங்களையும் அதில் போட்டிருக்கிறார்கள். முதல் கூட்டத்தில் பேசியது மூன்று விஷயம்: கூடுதல் கேமரா, கேட்டில் கூடுதல் செக்யூரிட்டி, ஐடி கார்டு சோதனை. "இதையெல்லாம் செய்தால் வன்முறை நடக்காமல் தடுத்துவிட முடியுமா? இல்லையென்றால் வேறு என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாணவர் நலப் பொறுப்பில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த மூன்றும் தேவைதான். ஆனால் மூன்றுமே, ஆபத்து வெளியிலிருந்து கேட் வழியாக உள்ளே வருகிறது என்ற எண்ணத்தில் செய்யப்படுகிற ஏற்பாடுகள். பெரும்பாலும் ஆபத்து ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது, கழுத்தில் ஐடி கார்டும் மாட்டியிருக்கிறது. அமெரிக்காவில் அதிபரின் பாதுகாப்பைப் பார்க்கும் ரகசிய சேவை, எஃப்பிஐ புலனாய்வுத் துறை, கல்வித் துறை மூன்றும் சேர்ந்து 2010-ல் ஓர் ஆய்வு வெளியிட்டன. 1900 முதல் 2008 வரை உயர்கல்வி நிறுவனங்களில் குறிவைத்து நடந்த 272 தாக்குதல்களை எடுத்து அலசியிருந்தார்கள். தாக்கியவர்களில் பத்தில் ஆறு பேர் அங்கே படித்துக்கொண்டிருந்தவர்கள், அல்லது முன்பு படித்தவர்கள். மீதிப் பேரிலும் பலர் அங்கே வேலை பார்த்தவர்கள், இல்லையென்றால் அங்கிருக்கும் யாருக்காவது கணவர், காதலர், உறவினர். கல்லூரியோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

அதனால் உங்கள் குழு முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: நம் வளாகத்தில் ஒருவருக்கு இன்னொருவரைப் பற்றிக் கவலை வந்தால், அந்தக் கவலை எங்கே போய்ச் சேருகிறது? பெரும்பாலான கல்லூரிகளில் நேர்மையான பதில், "எங்கேயும் சேருவதில்லை" என்பதுதான். அந்த ஓட்டையை அடைக்கிற வேலைக்குத்தான் நான் முதல் பணத்தையும் முதல் ஆறு மாதத்தையும் ஒதுக்குவேன்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 2007 ஏப்ரல் 16 அன்று அங்கே ஒரு மாணவர் 32 பேரைச் சுட்டுக் கொன்றார். அதன்பின் மாநில ஆளுநர் அமைத்த விசாரணைக் குழு, அந்த மாணவரின் முந்தைய இரண்டு வருடங்களைத் தோண்டி எடுத்தது. 2005-ல் ஓர் ஆசிரியர் அவர் எழுதியதையும் வகுப்பில் நடந்துகொண்டதையும் பார்த்துப் பயந்து, தன் வகுப்பிலிருந்து அவரை மாற்றச் சொன்னார். துறைத் தலைவர் அவருக்குத் தனியாகப் பாடம் நடத்தினார், கவுன்சிலிங்குக்குப் போகச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். வேண்டாத தொந்தரவு தருகிறார் என்று மாணவிகள் வளாகக் காவல்துறையிடம் சொன்னார்கள். தற்கொலை பற்றி அவர் பேசியதை விடுதியில் கூட இருந்தவர் தெரிவித்தார். ஓர் இரவு மருத்துவமனையில் வைத்துப் பரிசோதித்தார்கள். வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற வேண்டும் என்று உத்தரவும் வந்தது. அவர் கவுன்சிலிங் மையத்துக்கு வந்தார், போனார். தொடர்ந்து வருகிறாரா என்று யாரும் பார்க்கவில்லை. பெற்றோருக்கு இதில் எதுவுமே தெரியாது.

கவனித்தீர்களா, அங்கே ஒவ்வொருவரும் தங்கள் வேலையைச் செய்திருக்கிறார்கள். ஆசிரியர் சொன்னார், மாணவிகள் சொன்னார்கள், போலீஸ் போய் எச்சரித்தது. ஆனால் ஐந்து பேர் கையில் ஐந்து துண்டு இருந்தது. ஐந்தையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்த்தவர் யாரும் இல்லை. மாணவர் தனியுரிமைச் சட்டம் தடுக்கிறது என்று பலர் நினைத்துக்கொண்டு வாயை மூடியிருந்தார்கள். சட்டம் அவ்வளவு தூரம் தடுக்கவில்லை, அதைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்றது விசாரணைக் குழு. மறுவருடமே, 2008-ல், பொதுப் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றும் அச்சுறுத்தலை மதிப்பிடும் குழு ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்று வர்ஜீனியா மாநிலம் சட்டம் போட்டது.

இந்தக் குழு எப்படி யோசிக்கும் என்பதற்கு அடித்தளம் போட்டது 2002-ல் வெளிவந்த வேறொரு ஆய்வு. ரகசிய சேவையும் கல்வித் துறையும், 1974 முதல் 2000 வரை பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்களையும் அவற்றைச் செய்த 41 பேரையும் ஆராய்ந்தன. பள்ளிகள் பற்றியதுதான், ஆனாலும் அதன் பாடம் கல்லூரிக்கும் பொருந்தும். "இந்த மாதிரி ஆள்தான் செய்வான்" என்று சொல்ல ஒரு அச்சு அடையாளம் கிடைக்கவில்லை. நன்றாகப் படித்தவர் இருந்தார், படிக்காதவர் இருந்தார். தனியாளாகத் திரிந்தவர் இருந்தார், நண்பர் கூட்டத்தோடு இருந்தவரும் இருந்தார். ஆனால் பத்தில் எட்டுச் சம்பவங்களில், இப்படி ஏதோ வரப்போகிறது என்று இன்னொருவருக்காவது முன்கூட்டியே தெரிந்திருந்தது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல், யாரையாவது கவலைப்பட வைக்கும்படி முன்பே நடந்துகொண்டிருந்தார்கள். திடீரென்று ஒரு நாள் வெடித்தவர்கள் என்று சொல்லக்கூடியவர்கள் மிகக் குறைவு.

இன்னொன்று: தாக்கியவர்களில் பெரும்பாலோர், தாக்கப்பட்டவரை நேரடியாக மிரட்டியதே இல்லை. நண்பனிடம் சொன்னார்கள், நோட்டில் எழுதினார்கள், ஜாடையாகப் பேசினார்கள். மிரட்டுவது வேறு, ஆபத்தாக இருப்பது வேறு. "உன்னைச் சும்மா விடமாட்டேன்" என்று கத்துகிற பையன் பல நேரம் மறுநாள் காலை அதே ஆளோடு பேசிக்கொண்டிருப்பான். எதுவும் பேசாமல், ஒரே ஆளை நினைத்து நினைத்துப் புழுங்கிக்கொண்டு, அந்த ஆள் எந்த நேரத்தில் எந்த வழியாகப் போகிறார் என்று பார்க்க ஆரம்பித்தவன்தான் நம் கவனத்துக்கு உரியவன். "மிரட்டினாரா?" என்பதை மட்டும் கேட்கும் ஒழுங்குக் குழு அவனைத் தவறவிட்டுவிடும்.

சரி, அப்படி ஒரு மேஜை நடைமுறையில் எப்படி இருக்கும்? நான் உட்கார்ந்த ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். இடமும் ஆளும் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வாரம் ஒரு நாள், முக்கால் மணி நேரம். மாணவர் நல டீன், விடுதி வார்டன், கவுன்சிலர், செக்யூரிட்டி அதிகாரி, சட்டம் தெரிந்த ஒருவர், நான். அன்று வார்டன் சொன்னார்: ஒரு மூன்றாமாண்டு மாணவனின் அறைத்தோழன் அறை மாற்றிக் கேட்டிருக்கிறான், விண்ணப்பத்தில் காரணம் எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறான். பெயரைக் கேட்டதும் டீன் நிமிர்ந்தார். அதே மாணவன் ஆய்வகத்தில் தன் குழுவை விட்டு ஒதுங்கி உட்காருகிறான் என்று ஆய்வக உதவியாளர் போன வாரம் சொல்லியிருந்தாராம். அப்புறம் நான் என் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தேன். ஓர் ஆசிரியை தயங்கித் தயங்கிக் கொடுத்தது, அவனுடைய உள்தேர்வு விடைத்தாள். கடைசிப் பக்கத்தில் ஒரு பேராசிரியரின் பெயர் எழுதி, அதன் மேலேயே திரும்பத் திரும்ப அடித்திருந்தது. பேனா அழுத்தத்தில் தாள் கிழிந்து, அந்த எழுத்துகள் இருந்த இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது.

மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. அறை மாற்றம் தினமும் கேட்கிறார்கள். ஒதுங்கி உட்காருவது குற்றமில்லை. கிழிந்த தாளுக்கு யாரும் போலீஸைக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் மூன்றும் ஒரே மாதத்தில், ஒரே ஆளிடம். நாங்கள் கேட்டுக்கொண்ட கேள்விகள் இவை: யார் மீது கோபம், எதனால்? அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறதா? சமீபத்தில் எதையாவது இழந்தானா? இதைச் சரிசெய்ய வேறு வழி இருக்கிறது என்று நம்புகிறானா, இல்லை எல்லாக் கதவும் மூடிவிட்டது என்று நினைக்கிறானா? ஆயுதம் பற்றி விசாரித்தானா, யாரையாவது பின்தொடர்ந்தானா? கடைசியாக, இந்த உலகத்தில் அவன் யார் பேச்சைக் கேட்பான்?

எங்களுக்கு வழி காட்டியது கடைசிக் கேள்விதான். அவன் அந்த ஆய்வக உதவியாளர் பேச்சைக் கேட்பான். அவர் போய்ப் பேசினார். புராஜெக்ட் மதிப்பெண்ணில் தனக்கு அநியாயம் நடந்துவிட்டது, அதனால் உதவித்தொகை போகப்போகிறது, மூன்று முறை மனு கொடுத்தும் பதில் வரவில்லை என்றான். விசாரித்துப் பார்த்தால் மனு உண்மையிலேயே ஒரு மேஜை டிராயரில் கிடந்தது. மறுமதிப்பீட்டுக்கு ஏற்பாடு செய்தோம். அதோடு, அந்தப் பேராசிரியரிடம் விஷயத்தைச் சொன்னோம், அறைத்தோழனிடம் தனியாகப் பேசினோம், அறையில் ஆபத்தான பொருள் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டோம். கவுன்சிலர் எட்டு மாதம் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவன் பட்டம் வாங்கிப் போனான். அவன் உண்மையில் ஏதாவது செய்திருப்பானா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. இந்த வேலையில் அதை யாராலும் சொல்ல முடியாது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எங்களால் மிக எளிதாகச் செய்யக்கூடிய காரியம், அவனை இடைநீக்கம் செய்து வீட்டுக்கு அனுப்புவது. பல நிர்வாகங்கள் அதைத்தான் செய்யும். ஆள் கேட்டைத் தாண்டிப் போனதும் பிரச்சினை தீர்ந்தது என்று மூச்சு விடும். ஆனால் வெளியேற்றப்பட்டவனுக்குக் கோபம் கூடும், இழக்க மிச்சம் எதுவும் இருக்காது, அவன் எப்படி இருக்கிறான் என்று பார்க்க நம் ஆள் யாரும் பக்கத்தில் இருக்கமாட்டார்கள். கேட் பூட்டுக்கு அவனைத் தடுக்கிற சக்தியும் கிடையாது. சில நேரம் வெளியே அனுப்பித்தான் ஆக வேண்டும், அதை மறுக்கவில்லை. அப்போதும் யார் அவனோடு தொடர்பில் இருப்பார், வீட்டில் யாரிடம் பேசினோம், எந்தக் கவுன்சிலரிடம் ஒப்படைத்தோம், யாரை எச்சரித்தோம் என்று எழுதி வைத்துவிட்டு அனுப்ப வேண்டும்.

அடுத்த கேள்வி: மேஜையைப் போட்டுவிட்டோம், தகவல் எப்படி வரும்? மாணவர்கள் சொல்லாததற்குக் காரணம் அலட்சியம் என்று பெரியவர்கள் நினைக்கிறோம். நான் பார்த்தவரை முக்கால்வாசிப் பேர் சொல்லாததற்குக் காரணம், சொன்னால் நண்பன் வாழ்க்கை போய்விடும் என்ற பயம். புகார் என்றாலே தண்டனை என்று ஆக்கிவைத்தது நாம்தான். "இவனைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது, கொஞ்சம் பாருங்கள்" என்று சொல்ல ஒரு வழியும், "இவன் தப்பு செய்தான், நடவடிக்கை எடுங்கள்" என்று சொல்ல இன்னொரு வழியும் தனித்தனியாக இருக்க வேண்டும். முதல் வழிக்கு ஒரு போன் எண், அதை எடுக்க ஒரு மனிதர், அவர் பெயரும் முகமும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சொன்னவருக்கு இரண்டு நாளில், "பார்த்துக்கொண்டிருக்கிறோம், சொன்னதற்கு நன்றி" என்றாவது ஒரு வார்த்தை திரும்பப் போக வேண்டும். அது போகவில்லையென்றால் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள்.

சொன்னால் தானும் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் உயிரையே எடுத்துவிடும். 2017-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் சங்க வீட்டில், புதிதாகச் சேர்ந்த மாணவரை வலுக்கட்டாயமாகக் குடிக்க வைத்தார்கள். அவர் படிக்கட்டில் விழுந்தார். கூட இருந்தவர்கள் உதவிக்குப் போன் செய்ய ஏறத்தாழ 12 மணி நேரம் ஆனது. அவர் பிழைக்கவில்லை. 2018-ல் அந்த மாநிலம் கொண்டுவந்த சட்டம் அந்தக் கொடுமையைக் கடுமையான குற்றமாக்கியது. அதோடு, உதவிக்கு அழைத்துக் கூடவே நிற்பவருக்குப் பாதுகாப்பும் தந்தது. உங்கள் விதிமுறையிலும் இதை எழுதி வையுங்கள்: ஆபத்தில் இருப்பவருக்காகப் போன் செய்தவர் மீது, அவரும் அன்று குடித்திருந்தார் என்பதற்காக நடவடிக்கை கிடையாது. முதல் ஆண்டு மாணவர்கள் வரும் முதல் வாரத்திலேயே இதைச் சொல்ல வேண்டும். முதல் சில வாரங்கள்தான் ஆபத்து மிகுந்தவை. யாரிடம் போவது என்றே தெரியாத காலம் அது.

ராகிங் பற்றித் தனியாக நீளமாக எழுதப் போவதில்லை. சட்டம் தெளிவாக இருக்கிறது: தமிழ்நாடு 1997-லேயே தனிச் சட்டம் போட்டது, உச்ச நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து யுஜிசி 2009-ல் விதிமுறை கொண்டுவந்தது. நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். ஆண்டுத் தொடக்கத்தில் உறுதிமொழியில் கையெழுத்து வாங்குவதோடு நின்றுவிடும் குழு, ராகிங்கைத் தடுக்கும் குழு ஆகாது. விடுதியின் பின்பக்கப் படிக்கட்டில் இரவு பதினொரு மணிக்கு குழுவிலிருந்து யார் நடந்து பார்க்கிறார்கள் என்பதே அதற்கு உண்மையான சோதனை.

தகவல் தருபவர்கள் என்றால் நாம் மாணவர்களையும் ஆசிரியர்களையும் மட்டும் நினைக்கிறோம். விடுதி அறைகளைப் பெருக்கும் அம்மாவை நினைத்துப் பாருங்கள். உடைந்த கண்ணாடி, சுவரில் குத்திய பள்ளம், ரத்தம் தோய்ந்த துணி, மூன்று நாளாகத் திறக்காத கதவு, எல்லாவற்றையும் முதலில் பார்ப்பவர் அவர். கேண்டீன்காரர், பஸ் டிரைவர், இரவு வாட்ச்மேன், நூலக உதவியாளர் எல்லோரும் அப்படித்தான். இவர்களை ஒருமுறை உட்கார வைத்து, "இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் இந்த அண்ணனிடம் சொல்லுங்கள், உங்களுக்கு ஒரு பிரச்சினையும் வராது" என்று நாம் சொல்வதே இல்லை. என் கணக்கில், ஒரு மணி நேரத்தில் இவ்வளவு பலன் தரும் கூட்டம் வேறு எதுவும் கிடையாது.

கவுன்சிலரின் ரகசியக் காப்பு என்னாகும் என்று கண்டிப்பாக யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். மாணவன் கவுன்சிலரிடம் சொல்வதெல்லாம் குழுவுக்கு வந்தால், நாளையிலிருந்து யாரும் கவுன்சிலரிடம் போகமாட்டார்கள். ஆகவே கவுன்சிலர் குழுவில் உட்கார்ந்து கேட்கலாம், ஆலோசனை தரலாம். தன்னிடம் வந்தவர் சொன்னதை எடுத்து வைக்கத் தேவையில்லை. ஒரே விதிவிலக்கு, குறிப்பிட்ட ஓர் ஆளின் உயிருக்கு ஆபத்து என்று தெரியும்போது. இந்த எல்லைக்கோடு ஒரு துயரத்திலிருந்து வந்தது. 1969-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஒரு மாணவர், தனக்குத் தெரிந்த ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகத் தன் மனநல ஆலோசகரிடம் சொன்னார். ஆலோசகர் வளாகக் காவல்துறையிடம் தெரிவித்தார். அவர்கள் பிடித்து விசாரித்து, தெளிவாகத்தான் பேசுகிறார் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணிடமோ அவருடைய பெற்றோரிடமோ யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சில வாரங்களில் அந்தப் பெண் கொல்லப்பட்டார். டாராசாஃப் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் 1976-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றும் கடமை ஆலோசகருக்கு உண்டு என்றது.

இதிலிருந்து நேராக, எல்லாக் குழுக்களும் தவறவிடுகிற இடத்துக்கு வருகிறேன். முதலில் சொன்ன 272 தாக்குதல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, காதல் அல்லது துணை உறவோடு தொடர்புள்ளவை. பெரிய துப்பாக்கிச் சூடு நடந்தால் தலைப்புச் செய்தி. ஒரு பெண்ணைப் பழைய காதலன் பின்தொடர்வது நம் அலுவலகங்களில் "அவங்களுக்குள்ள ஏதோ பிரச்சினை". அந்த ஒரு வாக்கியத்தை நானும் பல முறை கேட்டிருக்கிறேன், ஆரம்ப காலத்தில் ஒருமுறை சொல்லியும் இருக்கிறேன், இன்றும் உறுத்துகிறது. 2018-ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவி, பிரிந்துபோன ஆண் படங்களைக் காட்டி மிரட்டிப் பணம் பறிக்கிறார் என்று வளாகக் காவல்துறையிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த ஆள் சிறையிலிருந்து பரோலில் வந்தவர். அதைக்கூட அவர்கள் சரிபார்க்கவில்லை. அக்டோபரில் அவர் அந்த மாணவியை வளாகத்திலேயே சுட்டுக் கொன்றார். 2020-ல் பல்கலைக்கழகம் பெற்றோருடன் 1.35 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது.

ஆகவே பின்தொடர்தல், படங்களை வைத்து மிரட்டல், பிரிந்தபின் விடாத போன், வகுப்பு வாசலில் வந்து நிற்பது, இவை எதுவும் சொந்த விஷயம் இல்லை. முதல் புகாரிலேயே ஒரே அதிகாரி அந்தப் பெண்ணின் பொறுப்பை ஏற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிய ஆளிடம் முதலிலிருந்து கதை சொல்ல வைக்கக் கூடாது. அவருடைய வகுப்பு நேரம், விடுதி, போய்வரும் வழி மூன்றையும் பார்த்து, மாற்ற வேண்டியதை மாற்ற வேண்டும். முடிந்தவரை அந்த மாற்றங்களின் சுமை தொந்தரவு செய்பவன் மேல் விழ வேண்டும். பயந்துபோன பெண்ணையே பாடத்தை விடச் சொல்வதும், அறையைக் காலி செய்யச் சொல்வதும் அவருக்கு இரண்டாவது தண்டனை.

பாலியல் வன்முறை பற்றி விழிப்புணர்வு என்ற பெயரில் ஒரு மணி நேரப் பேச்சு வைத்து, பேனர் முன் படம் எடுத்து முடித்துவிடுகிறோம். பயிற்சி உண்மையில் பலன் தரும் என்பதற்குக் கனடாவில் நல்ல சான்று இருக்கிறது. உளவியல் பேராசிரியர் சார்லின் சென் தலைமையில் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவிகளுக்கு 12 மணி நேரப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2015-ல் வெளிவந்தது. தெரிந்த ஆணிடமிருந்து வரும் ஆபத்தை எப்படி அடையாளம் காண்பது, "தப்பா நினைப்பாரோ" என்ற தயக்கத்தை எப்படித் தாண்டுவது, வாயாலும் உடலாலும் எப்படி எதிர்ப்பது என்பதெல்லாம் அதில் இருந்தது. ஒரு வருடத்துக்குப் பின், துண்டுப் பிரசுரம் மட்டும் பெற்றவர்களில் 9.8 சதவீதம் பேர் வன்புணர்வுக்கு ஆளாகியிருந்தார்கள். பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதம். ஏறத்தாழப் பாதி. குற்றம் செய்பவன் மீதான பொறுப்பை இது ஒரு துளியும் குறைக்காது. அதனால் ஆண் மாணவர்களுக்கும் தனியாகப் பயிற்சி வேண்டும். பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்குச் சொல்லித்தர மூன்று வழி போதும்: நேராகக் கேள், பேச்சை மாற்றி இருவரையும் பிரி, முடியாவிட்டால் இன்னொருவரைக் கூட்டி வா. எல்லோரும் வீரர்கள் இல்லை. மூன்றாவது வழி பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும்.

இப்போது கதவுக்கு வருவோம். கேமராவைவிடக் கதவைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவேன். 1986 ஏப்ரலில் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழக விடுதியில் ஜீன் கிளரி என்ற 19 வயது மாணவி தன் அறையிலேயே கொல்லப்பட்டார். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகள் மூன்று இருந்தன. மூன்றையும் மூட விடாமல் யாரோ முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். கொலையாளி அந்த வழியாகத்தான் வந்தார். ஜீனின் பெற்றோர் நடத்திய போராட்டத்தால் 1990-ல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது, பின்னர் அதற்கு ஜீனின் பெயரே வைக்கப்பட்டது. வளாகத்தில் நடந்த குற்றங்களைக் கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும், ஆபத்து தொடர்ந்தால் உடனே எச்சரிக்க வேண்டும் என்கிறது அது. ஓர் எச்சரிக்கை: உங்கள் குழு வேலை செய்ய ஆரம்பித்ததும் புகார் எண்ணிக்கை கூடும். நிர்வாகம் பதறும். நம்பிக்கை வந்ததால்தான் சொல்கிறார்கள் என்பதை முன்கூட்டியே முதல்வரிடம் விளக்கி வைத்துவிடுங்கள். எண்ணைக் குறைத்துக் காட்டச் சொல்லி உங்களை நெருக்கும் நாள் வரும்.

பூட்டு இன்னொரு விதத்திலும் முக்கியம். வர்ஜீனியா டெக்கில் துப்பாக்கிச் சூடு நடந்த நாரிஸ் ஹால் கட்டடத்தின் வகுப்பறைகளை உள்ளிருந்து பூட்ட வழியில்லை. 205-ஆம் அறையில் இருந்த மாணவர்கள் ஒரு பெரிய மேஜையைக் கதவோடு சேர்த்துத் தள்ளி, தரையில் படுத்துக்கொண்டு அதைப் பிடித்திருந்தார்கள். சுட்ட மாணவரால் கதவைத் தள்ளித் திறக்க முடியவில்லை, கதவின் வழியாகச் சுட்டும் அந்த அறையில் யாருக்கும் காயமில்லை. அதே கட்டடத்தின் வெளிக்கதவுகளை அவர் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார். ஆக, வகுப்பறைக் கதவு உள்ளிருந்து ஒரே கையால் பூட்ட வேண்டும், ஒரே கையால் திறக்கவும் வேண்டும். இரவில் விடுதி வாசலைச் சங்கிலி போட்டுப் பூட்டும் வழக்கம் உங்கள் கல்லூரியில் இருந்தால் இந்த வாரமே நிறுத்தச் சொல்லுங்கள். தீ பிடித்தால் அதுவே எல்லோரையும் உள்ளே அடைத்துவிடும்.

எச்சரிக்கைச் செய்தியும் அப்படியே. வர்ஜீனியா டெக்கில் அன்று காலை 7.15-க்கு அந்த மாணவர் விடுதியில் முதல் இருவரைச் சுட்டார். காதல் தகராறு, சுட்டவர் வளாகத்தை விட்டுப் போயிருப்பார் என்று நினைத்தார்கள். மாணவர்களுக்கு முதல் மின்னஞ்சல் 9.26-க்குப் போனது. நாரிஸ் ஹாலில் 9.40 வாக்கில் சுடத் தொடங்கினார். செய்தியை யார் அனுப்பலாம் என்பதில் கூட்டம் கூடி முடிவெடுக்கும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். இரவுப் பணியில் இருக்கும் அதிகாரிக்கே அந்த அதிகாரம் இருக்க வேண்டும். செய்தியின் வாக்கியங்கள் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்: என்ன நடந்தது, எங்கே, நீங்கள் என்ன செய்ய வேண்டும். ஆனால் சும்மா சும்மா அலாரம் அடித்தாலும் ஆபத்து. 2000 ஜனவரியில் சீட்டன் ஹால் பல்கலைக்கழக விடுதியில் தீ பிடித்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்கு முன் பொய் அலாரம் அடிக்கடி அடித்திருந்ததால், அன்று உண்மையான அலாரத்தையும் பலர் நம்பவில்லை.

மனநோய் உள்ளவர்கள்தான் வன்முறை செய்வார்கள் என்ற எண்ணத்தை மட்டும் குழுவுக்குள் விடாதீர்கள். மனநலச் சிக்கல் உள்ள மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தொட மாட்டார்கள். ஆபத்து இருந்தால் அது அவர்களுக்கே இருக்கும். உங்கள் மேஜைக்கு வரும் பெயர்களில் பாதிக்கு மேல், பிறரைத் தாக்கக்கூடியவர் என்பதைவிட, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வாரோ என்ற கவலையில் வருபவையாக இருக்கும். அதற்குத் தயாராக இருங்கள். அன்று இரவே கூட இருக்க ஓர் ஆள், மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு, வீட்டுக்கு ஒரு போன், மறுநாள் காலை கவுன்சிலரிடம் கையோடு அழைத்துப் போவது, இவைதான் அந்த நேரத்தில் உயிர் காக்கும். "போய்ப் பாருங்கள்" என்று எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பினால் பெரும்பாலும் போகமாட்டார்கள்.

அதேபோல, யார் பெயர் மேஜைக்கு வருகிறது என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள், ஒரே சமூகம், ஒரே மதம், அரசியல் பேசுபவர்கள் என்று பட்டியல் சாய்ந்திருந்தால், நாம் ஆபத்தைப் பார்க்கவில்லை, நம் வெறுப்பைப் பார்க்கிறோம். மாணவர் போராட்டத்தை அடக்க இந்தக் குழுவைப் பயன்படுத்தினால் அன்றோடு தகவல் வருவது நின்றுவிடும்.

உங்கள் அடுத்த கூட்டத்துக்கு முன் ஒன்று செய்யுங்கள். ஓர் இரவு பத்தரை மணிக்கு மேல் வார்டனோடு விடுதியை முழுக்கச் சுற்றி வாருங்கள். எந்தக் கதவுக்குக் கல் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள், எந்த விளக்கு எரியவில்லை, எந்தப் பூட்டுக்குச் சாவி யாரிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் இரவு வாட்ச்மேனிடம் உட்கார்ந்து, "அண்ணே, இங்கே யாரைப் பார்த்தால் உங்களுக்கு மனசு சரியில்லாமல் இருக்கிறது?" என்று கேளுங்கள். அவர் ஒரு பெயர் சொல்வார். அந்தப் பெயரைப் பற்றி மறுநாள் காலை யாரிடம் பேசுவது என்று உங்களுக்குத் தெரியவில்லையென்றால், கூட்டத்தில் முதல் விஷயமாக அதை எடுங்கள். கேமரா விலைப்பட்டியல் அதற்குப் பிறகு வரட்டும்.